ராணுவத்துக்கு ஏன் இத்தனை வகை பூட்ஸ்?

ஆந்திராவின் குப்பம் ஊரிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவருடைய தம்பி வெலிங்டனில் பயிற்சி முடித்து மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்திருக்கிறான். கையில் இருப்பது கறுப்புத் தோல் பூட்ஸ். காட்டுப் பக்கம் போனால் கேன்வாஸ் பூட்ஸ் தனி என்கிறான், பனிமலைக்குப் போஸ்டிங் வந்தால் அங்கே வேறொன்று கொடுப்பார்களாம். “மலை இறங்கினால் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. உலகத்துக்கே ஷூ தைக்கிற ஊர்கள். எல்லா இடத்துக்கும் ஆகிற மாதிரி ஒரே பூட்ஸ் செய்ய முடியாதா?” இதுதான் கேள்வி.

செய்யலாம் அம்மா. ஆனால் அது எல்லா இடத்திலும் காலைக் கெடுக்கும்.

என் உழைப்புக் காலம் முழுக்கத் தோலோடும் ஷூவோடும்தான் போயிருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். பூட்ஸுக்குள் வருகிற ஈரம் இரண்டு விதம். மழை, சேறு, பனி என்று வெளியிலிருந்து வருவது ஒன்று. காலே சுரக்கும் வியர்வை இன்னொன்று. வெளித் தண்ணீரை முழுசாகத் தடுக்கும் பொருள் வியர்வையையும் உள்ளே அடைத்துவிடும். வியர்வையைத் தாராளமாக வெளியே விடும் பொருள் தண்ணீரையும் உள்ளே விடும். ராணுவ பூட்ஸின் கதை முழுவதும் இந்த இழுபறிதான். குளிரும் சூடும் சேர்ந்தால் முடிச்சு இன்னும் இறுகும். ஒவ்வொரு நாட்டு ராணுவமும் ஆயிரக்கணக்கான கால்களைப் பறிகொடுத்த பிறகுதான் ஒவ்வொரு பாடத்தையும் படித்தது, அதிலும் பாதியை மறந்து மறுபடி படித்தது.

பழைய காலத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ரோமானியச் சிப்பாய் போட்டது ஆணி அடித்த, மேலே திறந்திருக்கும் செருப்பு. மத்தியதரைக் கடல் வெயிலுக்கு அது சரி. அதே ஆள் பிரிட்டனின் வட எல்லைக்குப் போனபோது என்ன ஆயிற்று என்பதற்கு விண்டோலாண்டா கோட்டையில் கிடைத்த மரப்பலகைக் கடிதம் சாட்சி. யாரோ ஒருவர் சிப்பாய்க்கு சாக்ஸும் இரண்டு ஜோடி செருப்பும் இரண்டு உள்ளாடையும் அனுப்பியதாக எழுதியிருக்கிறார். கிட்டத்தட்ட 1,900 வருஷத்துக்கு முன்பே வீட்டிலிருந்து சாக்ஸ் பார்சல் போயிருக்கிறது.

நமக்கு வேண்டிய கதை 1914-இல், முதல் உலகப் போரில் தொடங்குகிறது. அந்த வருஷம் செப்டம்பர் கடைசியில் இந்தியப் படை மார்செய் துறைமுகத்தில் இறங்கியது. உடம்பில் வெயில் நாட்டுக் காக்கி. சில வாரங்களில் வட பிரான்ஸின் பதுங்கு குழிகளில், முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீரில் நின்றார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்கள் காலிலும் ஆணி, லாடம் அடித்த கனமான தோல் பூட்ஸ், அதற்கு மேல் கெண்டைக்காலைச் சுற்றி இறுக்கிய கம்பளிப் பட்டி. தோல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். பட்டி நனைந்து இன்னும் இறுகும். ரத்த ஓட்டம் குறையும். கால் மரத்து, வீங்கி, நீலம் பாய்ந்து, கடைசியில் அழுகும். இதற்கு ட்ரெஞ்ச் ஃபுட் என்று பெயர். இதில் பலர் புரிந்துகொள்ளாத விஷயம், இது வருவதற்குத் தண்ணீர் உறைய வேண்டியதில்லை. 10, 15 டிகிரி குளிரில் கால் விடாமல் நனைந்திருந்தாலே போதும். அந்த முதல் குளிர்காலத்தில் மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் சுமார் 20,000 பேர் இப்படிக் காலைக் கெடுத்துக்கொண்டார்கள்.

அதைக் குறைத்தது புது பூட்ஸ் இல்லை. தினமும் பூட்ஸைக் கழற்று, துடை, திமிங்கில எண்ணெய் தடவு, காய்ந்த சாக்ஸ் மாற்று என்று உத்தரவு போட்டார்கள். ஒருவர் காலை இன்னொருவர் பார்க்க வேண்டும், அதிகாரி வந்து சோதிப்பார். இந்த ஒழுங்கு வந்த பிறகுதான் எண்ணிக்கை இறங்கியது. என் கணக்கில் ராணுவக் காலணி வரலாற்றிலேயே பெரிய கண்டுபிடிப்பு இதுதான்.

அந்தப் போரில் நம் மாகாணத்துத் தோலுக்கும் பங்கு உண்டு. ஆவாரம் பட்டையில் பதனிட்ட மாட்டுத் தோலை ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்ற பெயரில் மெட்ராஸ் துறைமுகம் வழியாக லண்டனுக்கு அனுப்புவது பழைய வியாபாரம். போர் வந்ததும் ராணுவ பூட்ஸின் அப்பருக்கு, அதாவது சோலுக்கு மேலே உள்ள பாகத்துக்கு, அது தேவைப்பட, அரசாங்கமே மொத்தமாக வாங்க ஆரம்பித்தது. பட்டைத் தோல் கைக்கு அருமையாக இருக்கும், எண்ணெயை நன்றாக இழுக்கும். ஆனால் சூடு தாங்காது. 80 டிகிரி பக்கம் போனாலே சுருண்டுவிடும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் அப்படியில்லை. இன்றைக்கும் டேனரியில் ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள். சுருங்காவிட்டால்தான் தோல் தேறியது என்று அர்த்தம். மெட்ராஸில் இந்த முறையை 1900-களின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சோதித்துப் பார்த்தார். 1912-இல் பல்லாவரம் பக்கம் குரோம் லெதர் கம்பெனி வந்தது, குரோம்பேட்டைக்குப் பெயரும் வந்தது.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், உங்கள் தம்பியின் பூட்ஸ் இதில்தான் நிற்கிறது. அதை டி.வி.எஸ். என்பார்கள், டைரக்ட் வல்கனைஸ்டு சோல். சோலைத் தைப்பதும் இல்லை, ஆணி அடிப்பதும் இல்லை. லாஸ்ட் என்கிற கால் வடிவக் கட்டையில் ஏற்றிய அப்பரின் அடியில் வேகாத ரப்பரை வைத்து, 150 டிகிரிக்கு மேல் சூடான அச்சில் அழுத்தினால் ரப்பர் வெந்து தோலோடு ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். பட்டைத் தோலை அந்த அச்சில் வைத்தால் அப்பளம்தான். தையல் ஓட்டை இல்லாததால் அடியிலிருந்து தண்ணீர் ஏறாது. ஆணி இல்லாததால் குளிரும் ஏறாது.

ஆணிக்கும் குளிருக்கும் என்ன சம்பந்தம் என்பதை 1941-இல் ரஷ்யாவுக்குள் போன ஜெர்மன்காரர்கள் கண்டார்கள். அவர்களுடைய நீள பூட்ஸின் அடியில் நிறைய இரும்பு ஆணி. பனித்தரையின் குளிரை அது நேராக உள்ளங்காலுக்குக் கடத்தியது. அளவும் காலுக்குக் கச்சிதமாக இருந்ததால் உள்ளே வைக்கோலோ கூடுதல் சாக்ஸோ திணிக்க இடமில்லை. ரஷ்யர்களிடம் வாலென்கி என்ற நமதா பூட்ஸ் (கம்பளியை அழுத்திக் கெட்டியாக்கியது) இருந்தது. தோல் பூட்ஸையும் அளவு பெரிதாகவே கொடுத்தார்கள், காலில் துணியைச் சுற்றிக்கொண்டு போடுவார்கள். அந்தக் கால்துணியை ரஷ்ய ராணுவம் 2013-இல்தான் கைவிட்டது! ஆனால் வாலென்கியிலும் ஒரு சங்கடம் உண்டு. உறைந்த, காய்ந்த பனிக்கு அது ராஜா. பனி உருகித் தண்ணீரானால் ஊறிப்போய் ஒன்றுக்கும் உதவாது. குளிர் என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம், பூட்ஸுக்கு ஈரக் குளிர் வேறு, காய்ந்த குளிர் வேறு.

1950 கடைசியில் கொரியாவின் சோசின் ஏரிப் பக்கம் அமெரிக்கர்களுக்கு மூன்றாவது பாடம் கிடைத்தது. கீழே ரப்பர், மேலே தோல், உள்ளே நமதா அட்டை வைத்த பூட்ஸ் கொடுத்திருந்தார்கள். வெளித் தண்ணீர் துளி வராது. மலையேறும்போது கால் வியர்க்கும், வியர்வைக்குப் போக்கிடம் இல்லை. நின்று காவல் காக்கும்போது மைனஸ் 30 டிகிரியில் அந்த வியர்வை உள்ளேயே பனிக்கட்டி ஆகும். விரல்கள் போயின. அடுத்து வந்த பூட்ஸ் விஷயத்தைத் தலைகீழாக்கியது. இரண்டு ரப்பர் சுவர், நடுவே கம்பளி, சுற்றிலும் காற்றுப் புகாமல் ஒட்டி மூடியாயிற்று. வியர்வை காலை நனைக்கட்டும், கம்பளியைத் தொடாமல் இருந்தால் போதும் என்பது கணக்கு. கால் ஈரமாகவே இருக்கும், ஆனால் வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே அடைபட்ட காற்று விமானத்தில் உயரம் போனால் விரியும் என்பதால் ஒரு சின்ன வால்வும் வைத்தார்கள். கறுப்பு நிறத்தில் வந்ததை மிக்கி மவுஸ் பூட்ஸ் என்று சிப்பாய்கள் கூப்பிட்டார்கள், அவ்வளவு பெரிசு. இதைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடந்தால் தோல் வெளுத்து ஊறிவிடும், சாக்ஸ் மாற்றியே ஆக வேண்டும். மறுபடி அதே பாடம்.

இனி காடு. எனக்குப் பிடித்த பகுதி இது, ஏனென்றால் இங்கேதான் ஒருவர் நின்று நிதானமாக யோசித்திருக்கிறார். இரண்டாம் உலகப் போர் நேரத்தில் பனாமாக் காட்டில் கிரெசன் கியர்னி என்ற அமெரிக்க அதிகாரி காட்டுச் சாமான்களைச் சோதித்துக்கொண்டிருந்தார். காட்டில் இடுப்பளவு ஓடையைக் கடக்க வேண்டும், வானம் தினமும் கொட்டும். எந்த பூட்ஸைப் போட்டாலும் தண்ணீர் மேல்வழியாக உள்ளே வரத்தான் போகிறது. தோல் பூட்ஸில் புகுந்த தண்ணீர் வெளியே போகாது, தோல் ஊறிக் கனக்கும், இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். சரி, தடுக்க முடியாததைத் தடுக்க வேண்டாம், வந்ததைச் சீக்கிரம் வெளியே அனுப்பினால் போதும் என்று முடிவு செய்தார்கள். கேன்வாஸ் அப்பர், ரப்பர் சோல், தோல் லைனிங் கிடையாது. நடக்க நடக்கத் தண்ணீர் பிழிந்து வெளியேறும். நம் ராணுவத்தில் காட்டுக்குக் கேன்வாஸ் பூட்ஸ் கொடுப்பதும் இதே யோசனைதான்.

வியட்நாம் போரில் இது இன்னும் தேறியது. பருத்திக் கேன்வாஸ் மக்கிப்போனதால் நைலான் வந்தது. குதிகாலும் முன்பக்கமும் மட்டும் தோல். உட்பக்கம் பாதத்துக்குக் கொஞ்சம் மேலே இரண்டு ஐலெட் ஓட்டை, தண்ணீர் வடிவதற்கு. குழியில் நட்டுவைத்த கூர்மூங்கில் காலைக் குத்திக் கிழித்ததால் உள்ளங்காலுக்கு அடியில் இரும்புத் தகடு. சோலின் பள்ளங்களில் களிமண் அப்பிக்கொண்டு வழுக்கியதால், பள்ளங்களை அகலமாக, சாய்வாக வெட்டிய ‘பனாமா சோல்’ வந்தது. நடையிலேயே சேறு உதிர்ந்துவிடும்.

இவ்வளவு செய்தும் மேகாங் டெல்டா நெல் வயல்களில் கால் கெட்டது. அது வெதுவெதுப்பான தண்ணீர், ட்ரெஞ்ச் ஃபுட்டுக்கு வேண்டிய குளிரே இல்லை. ஆனாலும் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஊறினால் தோல் வெந்த மாதிரி ஆகி உரிந்தது, நடக்க முடியவில்லை. நம் வயல்களில் நடவு நேரத்தில் வரும் சேற்றுப்புண்ணுக்குப் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் 48 மணி நேரத்துக்கு மேல் ஆளை வயலில் விடாதே, வெளியே எடுத்துக் காய வை என்று விதி போட்டார்கள். பூட்ஸால் ஆகாததைக் கடிகாரம் செய்தது.

அந்தக் காட்டு பூட்ஸ் பாலைவனம் போனதும் என்ன ஆனது என்பதுதான் உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில். 1990-இல் அமெரிக்கப் படை அதே பூட்ஸைப் போட்டுக்கொண்டு சவூதியில் இறங்கியது. தண்ணீர் வடிய வைத்த ஓட்டை வழியாக மணல் உள்ளே வந்தது. மூங்கில் குத்தாமல் இருக்க வைத்த இரும்புத் தகடு வெந்த மணலின் சூட்டை வாங்கி உள்ளங்காலுக்குக் கொடுத்தது. கறுப்பு நிறம் வெயிலை இழுத்தது. வியட்நாமில் காலைக் காப்பாற்றிய ஒவ்வொரு அம்சமும் இங்கே குற்றமாகிவிட்டது. உடனே ஓட்டையில்லாத, தகடில்லாத, மணல் நிறத்தில் சொரசொரப்புத் தோல் வைத்த பூட்ஸ் கேட்டு வாங்கினார்கள். சொரசொரப்புத் தோல் என்பது சதைப் பக்கம் வெளியே தெரியும்படி தைத்தது. பாலிஷ் வேண்டாம், மணல் உரசினாலும் அசிங்கமாகாது.

பாலைவனத்துக்கு இதைவிட எளிய தீர்வும் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் லிபியா மணலில் ஜீப்பிலும் லாரியிலும் சுற்றிய பிரிட்டிஷ் ரோந்துப் படை ஒன்று, இந்தியாவின் வடமேற்கு எல்லையில் நம் சிப்பாய்கள் போட்டுவந்த கனத்த தோல் சப்பலைத்தான் போட்டது. மணல் உள்ளே வரும், தானே வெளியேயும் போகும். நடந்தே சண்டை போடுகிறவனுக்கு அது போதாது, முள்ளும் கல்லும் இருக்கின்றன. வண்டியில் போகிறவனுக்கு அதைவிடச் சுகம் வேறில்லை.

சோலுக்கும் ஒரு வெயில் வரம்பு உண்டு. 2001-இல் ஓமனில் நடந்த பெரிய போர்ப் பயிற்சியில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ் சோல் சூட்டில் உருகிக் கழன்றதாகப் புகார் எழுந்து பெரிய விவகாரம் ஆனது. அதே பிரிட்டன் 1982-இல் ஃபாக்லாந்து சதுப்பு நிலத்தில் கணுக்கால் உயர பூட்ஸும் பட்டியும் கட்டிப் போய், 1914-இன் ட்ரெஞ்ச் ஃபுட்டை மறுபடி வாங்கி வந்தது. அதற்குப் பிறகுதான் உயரமான பூட்ஸ் கொடுத்தார்கள்.

நம் கதைக்கு வருவோம். 1962 சீனப் போரில் தாக்லா மலைமேட்டுப் பகுதியின் உயரக் குளிரில் நம் ஜவான்கள் பருத்தி உடுப்போடும் கேன்வாஸ் ஷூவோடும் நின்றார்கள். காட்டுக்கு நல்லது என்று மேலே புகழ்ந்தேனே, அதே கேன்வாஸ் அங்கே எமன். 1984 ஏப்ரல் 13-இல் சியாச்சின் பனியாற்றைக் கைப்பற்ற ஆபரேஷன் மேக்தூத் தொடங்கியபோது, பனிக்கான சிறப்பு உடுப்புகள் ஐரோப்பாவிலிருந்து கடைசி நேரத்தில்தான் வந்து சேர்ந்தன. மைனஸ் 50 வரை இறங்கும் இடத்துக்கு இரட்டை பூட்ஸ்தான் வழி. வெளியே கெட்டியான ஓடு, உள்ளே கழற்றி எடுக்கக்கூடிய மெத்தென்ற உள்பூட்ஸ். ராத்திரி உள்பூட்ஸைக் கழற்றி தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டால் உடம்புச் சூட்டில் வியர்வை காயும், காலையில் பனிக்கட்டியில் காலை நுழைக்க வேண்டாம். நல்ல ஏற்பாடு, ஆனால் விலை அதிகம், வெகுகாலம் இறக்குமதியையே நம்பியிருந்தோம். 2015 நவம்பரிலிருந்து 2016 செப்டம்பர் வரை பனிப் பகுதிக்கான பல்பயன் பூட்ஸ் வாங்கப்படவில்லை, இருந்ததையே திரும்பப் பயன்படுத்தினார்கள் என்று தணிக்கை அறிக்கையே சொல்லியது.

இப்போது நீங்கள் கேட்கலாம், கோர்-டெக்ஸ் மாதிரி ஜவ்வு வந்துவிட்டதே, அது தண்ணீரைத் தடுத்து வியர்வையை மட்டும் விடுமாமே என்று. உண்மைதான். அதன் துளைகள் தண்ணீர்த் துளியைவிட மிகமிகச் சின்னது, நீராவி போகுமளவுக்குப் பெரியது. ஆனால் ஆவி தானாக வெளியே போகாது. உள்ளே ஈரமும் சூடும் அதிகமாக, வெளியே குறைவாக இருந்தால்தான் தள்ளப்படும். லடாக் குளிரில் அந்த வித்தியாசம் இருக்கிறது. ஜூலை மாதம் ஆரியங்காவு மழையில் நின்றால் உள்ளேயும் வெளியேயும் ஒரே புழுக்கம், ஜவ்வு சும்மா இருக்கும். மேல்வழியாக ஒருமுறை தண்ணீர் புகுந்துவிட்டால் அதே ஜவ்வு தொட்டி ஆகிவிடும். அதனால்தான் அமெரிக்க ராணுவம் 2017 வாக்கில் புதிய காட்டு பூட்ஸ் செய்தபோது ஜவ்வை விட்டுவிட்டு மறுபடி வடிகால் ஓட்டைக்கே போனது. இரும்புத் தகட்டுக்குப் பதிலாகக் குத்துத் தாங்கும் துணி அடுக்கு வைத்தார்கள், அதுதான் உண்மையான முன்னேற்றம்.

எல்லாவற்றையும் ஒரே பூட்ஸில் அடுக்கினால் இன்னொரு செலவும் இருக்கிறது, எடை. காலில் ஏறும் 1 கிலோ, முதுகில் ஏறும் சுமார் 5 கிலோவுக்குச் சமமான உழைப்பை வாங்கும். பாதம் ஒவ்வோர் அடிக்கும் தூக்கி வீசப்படுகிறது அல்லவா.

நம் ஆம்பூரால் முடியுமா என்றால், தோலும் கையும் இங்கே இருக்கின்றன. ராணுவத்துக்கு வெகுகாலமாகக் கான்பூர் அரசுத் தொழிற்சாலைதான் செய்துவருகிறது, 2021-இலிருந்து அது ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் கையில். நம் ஆவடி உடைத் தொழிற்சாலையும் அதே நிறுவனத்தில்தான் இருக்கிறது. பீகாரின் ஹாஜிபூரில் மைனஸ் 40 தாங்கும் பூட்ஸ் செய்து ரஷ்யாவுக்கு அனுப்புகிறார்கள். ஆர்டர் வந்தால் பாலாற்றங்கரையிலும் செய்துவிடலாம். ஒரே பூட்ஸ் மட்டும் முடியாது.

தம்பிக்கு என்ன அனுப்பலாம் என்றால், பூட்ஸ் அனுப்ப வேண்டாம். கம்பளி கலந்த சாக்ஸ் நாலைந்து ஜோடி அனுப்புங்கள், பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே குளிருக்குப் போனால் இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு சாக்ஸ் போடவே கூடாது என்று சொல்லுங்கள், ரத்தம் ஓடாமல் கால் இன்னும் சில்லிடும். அளவு பெரிதாகக் கேட்டு வாங்கட்டும், அதுவும் சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து. நனைந்த பூட்ஸை அடுப்பருகே வைத்தால் தோல் வெடிக்கும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வைத்து, தாள் நனைந்ததும் மாற்ற வேண்டும்.

அப்புறம், ‘ஆர்மி பூட்ஸ்’ என்று கடைகளில் விற்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அவற்றில் பலவற்றின் சோல் இலேசான பாலியூரித்தேன். நம் புழுக்கத்தில் பெட்டிக்குள் சில வருஷம் சும்மா கிடந்தாலே காற்றின் ஈரம் அதைத் தின்றுவிடும். வெளியே புதுசாகத் தெரியும், போட்டு நாலு தெரு நடந்தால் சோல் ரொட்டித்தூளாக உதிரும். ரப்பர் சோலுக்கு இந்த வியாதி இல்லை. வீட்டில் பழைய ஜோடி ஏதாவது கிடந்தால் சோலின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ பொடிந்தாலோ அதற்கு மேல் அதில் ஒட்டுவேலை செய்து பிரயோஜனம் இல்லை.